மீன்மூச்சு மாஸ்டரின் காலி சிலிண்டர்

லிஃப்ட் இல்லை என்று தெரிந்ததும் வழக்கையே கைவிட்டுவிடலாம் என்றான் மருமகன்.

"அத்தை, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். அந்தப் பையனே குத்தவாளியா இருந்துட்டுப் போகட்டும்."

"வாயை மூடிட்டு ஏறு. மூச்சாவது மிச்சமாகும்."

அத்தை அதற்குள் முதல் மாடித் திருப்பத்தில் இருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக் கொடுப்பதையே வேலையாகச் செய்து, ரிட்டயர் ஆன மறு வாரமே துப்பறியும் போர்டு மாட்டியவள். மனிதர்கள் மீது அவளுக்கு மரியாதை குறைவு. தன் அண்ணன் மகன் மீது அதுவும் கிடையாது. நாலு வேலைகள் தன்னைக் கைவிட்ட பிறகு ஐந்தாவதாக அத்தையிடம் சேர்ந்திருந்த மருமகனுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சம்பளத்துக்குத் திட்டு வாங்கும் வேலைதான் எங்கேயும். இங்கே திட்டாவது ரசிக்கும்படி இருந்தது.

படிக்கட்டுச் சுவர் முழுக்க ஒரே ஆளின் புகைப்படங்கள். கடலுக்கடியில் கைகட்டி நிற்கிறார். கடலுக்கடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசிப் படத்தில் ஒரு பெரிய மீன் அவரைப் பார்க்கிறது. அவர் கேமராவைப் பார்க்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: 'மூச்சை ஆள்பவன் கடலை ஆள்வான்.'

"அந்த மீனோட முகத்தைப் பாருங்க அத்தை. எங்க வந்து மாட்டிக்கிட்டோம்னு முழிக்குது."

"அது புத்திசாலி."

இவர்தான் மாஸ்டர். ஆழ்கடலில் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் முதலாளி. ஊருக்குள் இவருக்கு 'மீன்மூச்சு' என்று பட்டம். முதுகில் கட்டிய காற்று சிலிண்டரோடு மாணவர்களும் இவரும் சேர்ந்துதான் இறங்குவார்கள். மாணவர்களின் காற்று தீர்ந்து, அதைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொடும்போது இவருடைய சிலிண்டரில் கிட்டத்தட்டப் பாதி மிச்சம் இருக்கும். எப்போதும். அதை வைத்து 'மூச்சுச் சிக்கனம்' என்று தனியாக ஒரு வகுப்பு நடத்தி, காசை மட்டும் சிக்கனமே இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் முன்பு அவருடன் இறங்கிய ஒரு பல் டாக்டர், மூச்சில்லாமல் மிதந்து வந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மாஸ்டரின் சிலிண்டர், வரலாற்றில் முதல்முறையாகக் காலி. காற்று அடைத்தவன் அவருடைய மனைவியின் தம்பி. குறைவாக அடைத்துத் தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று மாஸ்டர் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். மச்சான் லாக்கப்பில் இருந்தான். இன்று சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

வழக்கைக் கொண்டுவந்தது மாஸ்டரின் மனைவி. "ஒரு பக்கம் வீட்டுக்காரரு, ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். நான் யாரை நம்பறது மேடம்?" என்று கேட்டவளிடம் அத்தை, "சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரையும் நம்பாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இந்தக் கேஸ்ல எல்லாரும் சொந்தம். விசாரணைக்கு வந்தமா, பொண்ணு பாக்க வந்தமான்னே தெரியல" என்று முனகிக்கொண்டே மருமகன் கடைசிப் படியில் காலை வைத்தான்.

மாஸ்டர் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை இருந்தது. புகைப்படங்களில் அது கறுப்பு ரப்பர் உடைக்குள் அடக்கமாக இருந்தது. இங்கே விடுதலை பெற்றிருந்தது.

"உட்காருங்க மேடம். என் பொண்டாட்டி உங்களைக் கூப்பிட்டது தெரியும். பாசம். தப்பு சொல்ல மாட்டேன். ஆனா உண்மை உண்மைதானே? பையனே ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டான்."

"கேள்விப்பட்டேன். கேட்ட உடனே ஒத்துக்கிட்டானாம். அதான் எனக்குப் பிடிக்கல" என்றாள் அத்தை. "நீங்க நடந்ததைச் சொல்லுங்க."

மாஸ்டர் கண்ணை மூடினார். "நானும் டாக்டரும் பாறைத் திட்டுக்குக் கீழ இருக்கோம். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு. திடீர்னு எனக்குக் காத்து வரல. என் அனுபவத்துல முதல் தடவை. பதறாம மேல வந்துட்டேன். டாக்டர் புதுசு, பயந்துட்டாரு. வாயில இருந்த குழாயை விட்டுட்டாரு. அவர் சிலிண்டர்ல கால்வாசி காத்து இருந்தும் தண்ணியைக் குடிச்சிட்டாரு. பாவம்."

"புதுசா வர்றவங்களுக்குத்தானே காத்து சீக்கிரம் தீரும்?"

"ஆமா மேடம்! கையைக் காலை உதறுவான். தேவையில்லாம நீந்துவான். ஆழம் போகப் போக காத்தும் அதிகமா இழுக்கும். பயந்தவன் நாய் மாதிரி இரைப்பான். எனக்கு அதெல்லாம் இல்ல. இப்ப நான் மூச்சு விடறது உங்களுக்குக் கேக்குதா?"

"இல்ல சார்" என்றான் மருமகன். "பேசறது மட்டும்தான் கேக்குது. அதை நிறுத்தினா ஒருவேளை கேக்கும்."

மாஸ்டர் அவனைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெல்ட் தொங்கியது. அதில் இரண்டே இரண்டு ஈயக் கட்டிகள்.

"அது என்ன, கோயில் நகை மாதிரி வெச்சிருக்கீங்க?"

"என் பழைய பெல்ட். மனுஷ உடம்பு மிதக்கும் மேடம். கீழ போறதுக்கு இடுப்புல ஈயம் கட்டணும். டாக்டருக்கு ஆறு கட்டி. எனக்கு ரெண்டு போதும். மத்தது அனுபவம்."

அத்தையின் பார்வை பெல்ட்டிலிருந்து தொப்பைக்கு இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கியது.

"டாக்டர் ஆளு எப்படி?"

"ஒல்லி."

"சந்தோஷம்" என்று எழுந்துவிட்டாள்.

கீழே இறங்கும்போது மருமகனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அத்தை, அவ்ளோதானா? ரெண்டு மாடி ஏறினதுக்கு ஒரு டீ கூட வாங்கித் தராம?"

"டேய், போன வருஷம் அந்த ஹோட்டல் நீச்சல் குளத்துல தவறி விழுந்தியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்கணும்னு காசு செலவு பண்ணிட்டிருக்கேன்."

"உன்னைக் காப்பாத்தக் குதிச்சவன் உன் மேல ஏறி உட்கார்ந்துதானே கரைக்கு வந்தான்? நீ முழுகவே இல்ல. கொழுப்பு மிதக்கும். ஒல்லிப் பல் டாக்டருக்கு ஆறு கட்டி வேணும்னா, இந்த ஆளுக்கு ஒரு ஈயக் கடையே வேணும். ரெண்டு கட்டியில எப்படி முழுகறாரு?"

"அனுபவம்னாரே."

"அனுபவம் எத்தனை கிலோ?"

 பதில் தெரியாதபோது வழக்கமாகச் செய்வதுபோல மருமகன் தும்மினான்.

படகுத்துறைக்குப் போகும் வழியில் அவன் காலையில் நடந்ததை நினைத்துக்கொண்டான். லாக்கப்பில் மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் காத்து கம்மியா அடைச்சேன்" என்று மனப்பாடம் போலச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, "கம்மியா அடைச்சேன், அவ்வளவுதான்" என்றான். எவ்வளவு கம்மி என்று அத்தை கேட்டதும் திணறினான். பிறகு ஆஸ்பத்திரி. டாக்டரின் மனைவி வராந்தாவில் தனியாக, கையில் கணவரின் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அத்தையின் கையில் பஞ்சில் சுற்றிய ஏதோ ஒன்றைக் கொடுத்தாள். அது என்ன என்று மருமகன் கேட்டான். "வளர்ந்ததும் சொல்றேன்" என்றாள் அத்தை. அவனுக்கு முன்தலை வழுக்கை ஆரம்பித்திருந்தது.

படகுக்காரர் படகில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விசாரணை என்றதும் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு இறங்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள் அத்தை.

"எப்பவும் நடக்கறதுதாம்மா. தண்ணில குதிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க முள்ளைப் பாத்து எவ்வளவு காத்து இருக்குன்னு சத்தமா கூவணும். நான் திருப்பிக் கூவுவேன். நான் கூவினாத்தான் குதிக்கலாம். எங்க படகுல அதான் சட்டம்."

"ஏலம் மாதிரி" என்றான் மருமகன்.

"ஏலத்துல காசு போகும் தம்பி. இதுல உசுரு போகும்."

மருமகன் அடங்கினான்.

"மாஸ்டர் என்ன கூவினாரு?"

"இருநூறுன்னாரு. நிரம்ப இருந்தா இருநூறு. டாக்டரும் இருநூறுதான்."

"மாஸ்டர் முள்ளைப் பாத்துத்தான் சொன்னாரா?"

படகுக்காரர் யோசித்தார். "அவரு முதுகுதான் என் பக்கம் இருந்துச்சு."

அத்தை படகில் இறங்கி நடந்தாள். மருமகன் அவளைப் பின்தொடர்ந்தான். கடலில் நிற்கும் படகில் நடப்பது அவனுக்குப் புதிது. கடல் கொஞ்சம் அசைந்தது. அவன் நிறைய அசைந்தான். பலகைக்கு அடியில் எதிலோ கால் பெருவிரல் முட்டி, அவன் போட்ட அலறலில் பக்கத்துப் படகில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"யாருய்யா இங்க கல்லைப் போட்டது?"

கல் இல்லை. ஈயக் கட்டிகள். நாலு.

"அட, இன்னும் இங்கயேதான் கிடக்கா?" என்றார் படகுக்காரர். "அன்னைக்கு மச்சான் கரையில இருந்து ஓடி வந்து மாஸ்டர் கிட்ட குடுத்தாரு. காதுகிட்ட வந்து ஏதோ சொன்னாரு. இன்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. மாஸ்டர் சிரிச்சாரு. எனக்கு எதுக்குடா இதுன்னு காலாலயே உள்ள தள்ளிட்டாரு. பையன் மூஞ்சி செத்துப் போச்சு."

மருமகனின் வலி பறந்துபோனது. அத்தையை ஓரமாக இழுத்தான்.

"அத்தை! புரிஞ்சிடுச்சு! காத்தையும் கம்மி பண்ணி, எடையையும் ஏத்தி, மாமனைக் கடலுக்கு அடியிலயே உட்கார வைக்கப் பாத்திருக்கான். மாஸ்டர் ஈயத்தை வாங்கல, பொழைச்சாரு. கொலை முயற்சி. கேஸ் முடிஞ்சுது. போலாமா?"

அத்தை அவனைப் பார்த்த பார்வையில், அவனுடைய பள்ளிக்கூட ஆசிரியர்கள் அனைவரும் வரிசையாக நின்றார்கள்.

"கொல்லப் போறவன் படகுக்காரர் பாக்க, கட்டியைக் கையில கொண்டாந்து குடுப்பானா? மாஸ்டருக்கு இடுப்பு இல்லியா, எவ்வளவு எடைன்னு தெரியாதா? ஒரு காரியம் உருப்படியா பண்ணியிருக்க, உன் கால் கட்டைவிரலால. மேல இருக்கறதை எல்லாம் விரயம் பண்ணாத. இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. காத்து அடைக்கற ரூமுக்கு வரச் சொல்லு. மாஸ்டரையும், அவர் சம்சாரத்தையும்."

"இவரு?"

"படகுக்காரரும் வருவாரு. கட்டியை எடுத்துக்க."

நாலு ஈயக் கட்டிகளையும் மருமகன்தான் சுமந்தான்.

காற்று அடைக்கும் அறை கட்டடத்தின் பின்பக்கம், ஒரு ஷெட். நடுவில் கம்ப்ரஸர். சுவர் ஓரமாக மஞ்சள் சிலிண்டர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நிமிர்ந்து வரிசையாக. மாஸ்டரின் மனைவி முன்பே வந்து, தம்பி உட்காரும் ஸ்டூலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதில் உட்காரவில்லை.

மற்றவர்கள் வருவதற்குள் அத்தை அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மூலையில் ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். மீண்டும் மூடினாள். மேஜை மேலே, கழற்றிய வால்வு ஒன்று எண்ணெய்த் துணியில் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். சீக்கிரம் முடிந்தால் சாப்பிடப் போகலாம் என்ற முகம். பின்னாலேயே மாஸ்டர்.

"என்ன மேடம், நாடகமா?" என்றார் மாஸ்டர்.

"ஒரே ஒரு சந்தேகம். கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க."

"கேளுங்க. நான் கடல் மாதிரி."

"படகுக்காரர் ஒரு விஷயம் சொல்றாரு. நீங்க முள்ளைப் பாக்காமலே இருநூறுன்னு கூவிட்டு இறங்கற ஆளாம். பேருக்குத்தான் மாஸ்டராம். முதல் நாள் சொல்லிக் குடுக்கற பாடம் கூடத் தெரியாதாம்."

படகுக்காரர் திடுக்கிட்டு வாயைத் திறந்தார். மருமகன் அவருடைய கையில் ஒரு ஈயக் கட்டியைக் கொடுத்தான். கனத்தில் அவர் வாய் மூடிக்கொண்டது.

மாஸ்டர் முகம் சிவந்தது. "எவன்யா சொன்னது? நான் பாக்காம இறங்குவேனா? முள்ளைப் பாத்தேன். நல்லாப் பாத்தேன். இருநூறுல நின்னுச்சு. ஒரு புள்ளி குறையல. என் சர்வீஸ்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாக்காம இறங்கினதா எவனாவது..."

நிறுத்தினார். அறையில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழுசா இருந்துச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. சாப்பாட்டு முகம் காணாமல் போயிருந்தது. "அப்ப பையன் கம்மியா அடைச்சான்னு எழுதிக் குடுத்தீங்களே, அது?"

"இல்ல... முள்ளு தப்பா காட்டியிருக்கும். பழுது."

"உங்க முள்ளை இன்னைக்குக் காலையில டெஸ்ட் பண்ணியாச்சு. சரியா இருக்கு."

மாஸ்டர் எச்சிலை விழுங்கினார். இப்போது அவர் மூச்சுவிடுவது எல்லோருக்கும் கேட்டது.

"கவலைப்படாதீங்க" என்றாள் அத்தை. "முள்ளு பொய் சொல்லல. நீங்களும் இந்த ஒரு தடவை பொய் சொல்லல. முழுசாத்தான் இருந்துச்சு. முள்ளு காட்டறது உள்ள எவ்வளவு இறுக்கமா காத்து இருக்குங்கறதை. எவ்வளவு காத்துங்கறதை இல்ல. சின்னப் பாத்திரம் நிறைஞ்சாலும் நிறைஞ்சதுதான், பெரிய பாத்திரம் நிறைஞ்சாலும் நிறைஞ்சதுதான். டேய், அந்த மஞ்சள் சிலிண்டர் ஒண்ணைத் தூக்கு."

மருமகன் ஈயக் கட்டிகளை மேஜை மேல் வைத்துவிட்டுத் தூக்கினான். சமாளித்தான்.

அத்தை தார்ப்பாயை உருவினாள். அங்கே இன்னொரு மஞ்சள் சிலிண்டர். மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிப்பு. அடியில் ஒரு கறுப்பு ரப்பர்க் கிண்ணம். தலையில் வால்வு இல்லை.

"இப்ப இதைத் தூக்கு."

மருமகன் இழுத்தான். சிலிண்டர் அசையவில்லை. அவன் முதுகில் எதுவோ அசைந்தது.

"வேணாம் அத்தை. இது குடும்பஸ்தன் மாதிரி இருக்கு. நகராது."

சுவரில் ஷிஃப்ட் பலகை ஒன்று இருந்தது. அதில் காகிதத்தைப் பிடித்திருந்த காந்தத்தை அத்தை பிடுங்கினாள். வரிசையில் நின்ற சிலிண்டரில் வைத்தாள். வழுக்கிக் கீழே விழுந்தது. அடுத்ததில் வைத்தாள். விழுந்தது. பொறுக்கி எடுத்து, மூலையில் இருந்த தடியன் மேல் வைத்தாள்.

டப் என்று ஒட்டிக்கொண்டது.

"அதெல்லாம் அலுமினியம். இது இரும்பு. ஒரே பெயின்ட். அலுமினியத்துக்கு அடி தட்டை, தானா நிக்கும். இதுக்கு அடி உருண்டை, அதான் ரப்பர்ல நிக்க வெச்சிருக்கு. மத்த சிலிண்டரை விட ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் குறைச்சலாக் காத்து பிடிக்கும். கனமும் அதிகம். அதனாலதான் இந்தப் பெரிய மனுஷன் ரெண்டு கட்டி ஈயத்துல முழுகினாரு. மீதி ஈயம் முதுகுல இருந்துச்சு. மாணவங்க முள்ளு சிவப்பைத் தொடறப்ப இவரோடது ஏன் பாதியில நின்னுச்சுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க இன்ஸ்பெக்டர். நேத்து சேந்த பசங்க எவ்வளவு இழுக்கறாங்களோ, இவரும் அதே அளவுதான் இழுக்கறாரு. ஒரு இழுப்பு கம்மி கிடையாது."

"அப்ப அந்த மூச்சுச் சிக்கன வகுப்பு?" என்றான் மருமகன்.

"பெரிய டேங்க் வெச்ச லாரிக்காரன் பெட்ரோல் சிக்கனம் சொல்லிக் குடுத்த கதை."

மாஸ்டரின் மனைவி ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "மாடிப்படி முழுக்க அந்த போட்டோவை நான்தானே துடைச்சேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். மாட்டிக்கொண்ட ஆள் இன்னொரு கதவைக் கண்டுபிடித்த உற்சாகம் அவரிடம் இருந்தது.

"சரி! ஒத்துக்கறேன். வியாபாரத்துல இதெல்லாம் சகஜம். ஆனா அதுலதான் விஷயமே இருக்கு! என் சிலிண்டரை எடுத்துட்டு, சின்னதை மாத்தி வெச்சது யாரு? அவன்! சிலிண்டர் மேல நான் எப்பவும் போடற துணி உறையைச் சின்னதுக்கு மாட்டி, எனக்குத் தெரியாம முதுகுல ஏத்திட்டான். பெருசுன்னு நம்பி இறங்கினேன். கொலைதானே இது? கம்மியா அடைச்சா என்ன, சின்னதை வெச்சா என்ன?"

இன்ஸ்பெக்டர் அத்தையைப் பார்த்தார். இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவர் முகம் சொன்னது. மாஸ்டரின் மனைவியின் முகத்தில் கொஞ்சம் முன்பு வந்திருந்த வெளிச்சம் போய்விட்டது. மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சாயங்காலத்துக்கு இன்னும் அதிக நேரம் இல்லை.

"மாத்தினது அவன்தான்" என்றாள் அத்தை. "பெரிசோட வால்வு கசிஞ்சிருக்கு. கழட்டி வெச்சிருக்கான், மேஜை மேல கிடக்கு. ஊரு பாக்குமேன்னு உங்க மானத்தைக் காப்பாத்த, சின்னதுக்கு உங்க உறையைப் போட்டிருக்கான். உங்களுக்குத் தெரியாம இல்ல. அந்த நாலு கட்டியைக் கீழ வை."

மருமகனும் படகுக்காரரும் வைத்தார்கள். சிமென்ட் தரையில் ஈயம் விழும் சத்தம் நாலு முறை கேட்டது.

"சின்ன சிலிண்டர் லேசு. காத்து தீரத் தீர மிதக்க வேற ஆரம்பிக்கும். உங்க உடம்பை வெச்சுக்கிட்டு ரெண்டு கட்டியோட கீழ நிக்க முடியாது. அதுக்காகத்தான் பையன் ஈயத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தான். ஏமாத்தணும்னு நினைச்சவன் ஈயம் கொண்டு வர மாட்டான். ஈயத்தைக் குடுக்கறான்னாலே, இன்னைக்கு சிலிண்டர் வேறன்னு சொல்றான்னு அர்த்தம். படகுக்காரர் பாத்திருக்காரு. நீங்க சிரிச்சீங்க. காலால தள்ளினீங்க."

 மாஸ்டர் இந்த முறை கண்ணை மூடவில்லை.

அத்தை கைப்பையைத் திறந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். ஒரு சின்ன ரப்பர்த் துண்டு. பல் பதிந்த தடம்.

"மூச்சுக் குழாயோட நுனியில, பல்லால கடிச்சுப் பிடிக்கறதுக்கு இருக்கற ரப்பர். டாக்டரோட பல்லு இடுக்குல இருந்து எடுத்தாங்க. பயந்துபோய்க் குழாயை விட்டுட்டாருன்னு சொன்னீங்க. விடறவன் வாயைத் திறப்பான். இவரு கடைசி வரைக்கும் கடிச்சுட்டு இருந்திருக்காரு. ரப்பரே கிழியற அளவுக்கு யாரோ பிடுங்கியிருக்காங்க. கீழ நீங்க ரெண்டு பேருதான் இருந்தீங்க. மீனுக்குக் கை கிடையாது."

அத்தை அதைக் கழற்றிய வால்வுக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தாள்.

"சொன்னான்" என்றார் மாஸ்டர்.

குரல் மாறியிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இவர் இல்லை.

"இன்னைக்குச் சின்னது மாமா, ஈயம் சேத்துக்கங்க, முள்ளைப் பாத்துட்டே இருங்கன்னு சொன்னான். எனக்கு எந்த சிலிண்டரா இருந்தா என்னடான்னேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன். இத்தனை வருஷமா எல்லாரும் சொல்லிச் சொல்லி... எனக்கே... கீழ நிக்க முடியல. உதைச்சு உதைச்சு நீந்த வேண்டியதாப் போச்சு. ஒரு தடவை கூட முள்ளைப் பாக்கல. திடீர்னு காத்து வரல. முன்னாடி அவரு வாயில குழாய் இருந்துச்சு."

"அவர்கிட்ட உபரிக் குழாய் ஒண்ணு இருந்திருக்குமே" என்றார் இன்ஸ்பெக்டர். "மார்லயே தொங்கும்னு சொன்னாங்க. கைகாட்டிக் கேட்டு வாங்கணுமாம்."

"அதைத்தான் முதல் நாள் பாடத்துல சொல்லிக் குடுக்கறேன்" என்றார் மாஸ்டர்.

ஊரிலேயே பெரிய பொய்யன், தன்னிடமே ஏமாந்துபோய் நின்றான். மருமகனுக்குக் கேலியாக ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. எதனாலோ அதைச் சொல்லவில்லை. பிறகு அதை நினைத்து வருத்தப்பட்டான், ஏனென்றால் நல்ல ஒன்று அது.

இன்ஸ்பெக்டர் வெளியே போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். பையனைக் கோர்ட்டுக்கு ஏற்ற வேண்டாம் என்று அவர் சொல்வது ஷெட்டுக்குள் கேட்டது. மாஸ்டரின் மனைவி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏன் மேடம் அவன் தானா பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டான்?"

"பெரிய சிலிண்டர் விஷயம் வெளிய வந்தா இந்தக் கடை நிக்காது. கடை நிக்கலைன்னா அக்கா எங்க போவான்னு யோசிச்சிருப்பான்" என்றாள் அத்தை. "முட்டாள். நேரா பாத்தா அதையும் சொல்லுவேன்."

ஆனால் அதைச் சொல்லும்போது அவள் கைக்குட்டையைத் தேடினாள். கண்ணில் எண்ணெய்ப் புகை என்றாள். கம்ப்ரஸர் மூன்று நாளாக ஓடவில்லை என்பதை மருமகன் சுட்டிக்காட்டவில்லை. வேலையில் இருக்க ஆசை அவனுக்கு.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து மாஸ்டரின் தோளைத் தொட்டார். மாஸ்டர் நடந்தார். வாசலில் நின்று திரும்பி, "ஏய்... லாயருக்குச் சொல்லிடறியா? பீரோ சாவி வழக்கமான இடத்துலதான் இருக்கு" என்றார் மனைவியிடம். இன்னமும் வழக்கமான இடங்கள் இருப்பதாக அவர் நம்பினார்.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே நடந்தாள்.

"எங்க போற? கேக்கறேன்ல?"

"ஸ்டேஷனுக்குப் போய் என் தம்பியைக் கூட்டிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. அந்த டாக்டர் சம்சாரம் மூணு நாளா தனியா வராந்தாவுல உட்கார்ந்திருக்காளாம். நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கல." கொஞ்சம் நின்றாள். "என்னன்னு போய்ச் சொல்லுவேன்னு தெரியல. போய் உட்கார்ந்துக்கறேன்."